புயல் நிவாரணத்தில் தொண்டு ஸ்தாபனங்களின் முன்னேற்பாடும் கிராமத்தாரின் பொறுப்பும்

ஐப்பசி, கார்த்திகை மாதத்து மழையை நம்பியே கீழைக் கடற்கரை ஜில்லாக்களில் சம்பா, தாளடிப் பயிர்கள் நிற்கின்றன. அம்மழையோடு புயலும் கூடி வருவது அப்பகுதியார்க்குப் புதிதன்று. நாகப்பட்டினத்துக் கரையை 1952-ம் வருஷம் நவம்பர் மாதக் கடைசியிலும், 1977-ம் வருஷம் நவம்பர் 12-ந் தேதியிலும் கடும் புயல்கள் கடந்தன. 2011-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி வந்த ‘தானே’ புயல் கடலூர் ஜில்லாவின் முந்திரி, பலாத் தோப்புகளைச் சாய்த்தது. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே ‘கஜா’ புயல் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் முப்பது, நாற்பது வருஷத் தென்னந்தோப்புகள் ஓரிரவில் தரையில் கிடந்தன.

இத்தகைய ஒவ்வொரு சமயத்திலும் சர்க்கார் உதவியோடு கூடவே வெளியூர்களிலிருந்து தொண்டு ஸ்தாபனங்களும், சங்கங்களும், கல்லூரி மாணவர்களும், தனிப்பட்ட தருமவான்களும் வண்டி வண்டியாகப் பொருள் கொண்டு வந்து சேர்க்கின்றனர். அவர்களுடைய நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆயினும் ஒரு கிராமத்தில் அவ்வுதவி பயிராக முளைக்கிறது. அடுத்த கிராமத்தில் அது சாலையோரத்தில் நனைந்து வீணாகிறது. இந்த வேற்றுமைக்குக் காரணம் பணத்தின் அளவன்று. புயலுக்கு முன்பே செய்யவேண்டிய சில காரியங்களைச் செய்திருப்பதும் செய்யாதிருப்பதுமே காரணம். அவற்றுள் பாதி தொண்டு ஸ்தாபனங்களுடைய வேலை. மறுபாதி நிலமுடையவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் செய்யவேண்டிய வேலை.

நாகப்பட்டினத்து அனுபவம்

2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், சுமத்ராத் தீவுக்கு அருகே கடலடியில் உண்டான பூகம்பத்தின் விளைவாகத் தமிழ்நாட்டுக் கரையில் கடல் பொங்கி ஏறிற்று. அப்போதைய நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டனர். அவ்வளவு பெரிய துன்பத்தை அதுவரை கண்டிராத அவ்வூருக்கு நூற்றுக்கணக்கான ஸ்தாபனங்கள் சில நாட்களுக்குள் வந்து கூடின. முதல் வாரத்தில் நடந்தவற்றுள் சில இன்றும் நினைவில் வைக்கத்தக்கவை.

பழைய துணிகள் மலைபோல் வந்து குவிந்தன. உழைத்துண்டு மானத்தோடு வாழ்ந்த கடற்கரை ஜனங்கள், பிறர் உடுத்துக் கழித்த துணியைத் தொட மறுத்தனர். மூட்டைகள் சாலையோரங்களில் கிடந்து மக்கின. அவற்றை அப்புறப்படுத்துவதே சர்க்கார் ஊழியர்களுக்குத் தனி வேலையாயிற்று. அடுத்த மாதங்களில் பலரும் படகு கொடுக்க முன்வந்ததால், இழந்த படகுகளைக் காட்டிலும் கொடுக்கப்பட்ட படகுகளின் தொகை மிகுந்தது. படகு கொடுப்பது கண்ணுக்குத் தெரியும் தருமம். புகைப்படம் எடுக்கவும் ஏற்றது. அதே சமயத்தில் கடற்கரையை அடுத்த வயல்களில் கூலிவேலை செய்து பிழைத்தவர்கள், படகும் இழக்காமல் வீடும் இழக்காமல், வேலையை மட்டும் இழந்திருந்தனர். அவர்களுடைய நஷ்டம் கண்ணுக்குத் தெரியாததாகையால் வெகு நாட்கள் கழித்தே கவனிக்கப்பட்டது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பரிகாரமும் அவ்வூரிலேயே உண்டாயிற்று. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் சம்மேளனமும், ‘ஸ்நேகா’ என்னும் உள்ளூர்ச் சங்கமும் முன்னின்று, கலெக்டர் நிர்வாகத்தின் ஆதரவோடு, தொண்டு ஸ்தாபனங்களுக்கான ஒருங்கிணைப்பு நிலையம் ஒன்றை 2005-ம் வருஷத் தொடக்கத்தில் நிறுவின. எந்த ஸ்தாபனம் எந்தக் கிராமத்தில் என்ன வேலை செய்கிறது, எந்தக் கிராமம் விடுபட்டிருக்கிறது என்ற விவரங்கள் அங்கே ஒரே இடத்தில் திரட்டப்பட்டன. கிராமங்களிலேயே தகவல் நிலையங்கள் வைத்து ஜனங்களின் தேவைகளும் குறைகளும் கேட்டு எழுதப்பட்டன. புதிதாக வருகிறவர் தாம் கொணர்ந்ததைக் கொடுத்துவிட்டுப் போகாமல், இன்ன ஊரில் இன்னது தேவை என்று கேட்டறிந்து போக வழி பிறந்தது. வெளியார் பலர் இதனைப் பார்த்துப் பின்னர்ப் பல இடங்களில் கைக்கொண்டனர். இவ்வளவு பயனுள்ள ஏற்பாடு துன்பம் வந்தபின் அவசரத்தில் அமைக்கப்பட்டதேயன்றி முன்பே இருக்கவில்லை என்பதையும் கவனித்தல் வேண்டும்.

விவசாயிகளுக்கு அக்காலத்து அனுபவத்தில் தனிப் பாடம் ஒன்று உண்டு. வேட்டைக்காரனிருப்பு, பிரதாபராமபுரம், விழுந்தமாவடி முதலிய ஊர்களின் வயல்களில் உப்புநீர் புகுந்து நின்றது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரம் நின்ற கடல்நீர் சற்றேறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் ஆகும். அது அங்கேயே வற்றினால் மூன்றரை டன் உப்பு நிலத்தில் தங்கும். இந்தக் கணக்கைக் கேட்டு, நிலம் இனி உதவாது என்று பலர் சோர்ந்தனர். ஆனால் சேற்றுப் படிவை வழித்தெடுத்தும், குளங்களிலிருந்த உப்புநீரை இறைத்துவிட்டும், வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடிகால் வழியே வெளியேற்றியும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதும் நிலங்கள் மீட்கப்பட்டன. 2005-ம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை மிகுதியாய்ப் பெய்தது பேருதவியாயிற்று. காலஞ்சென்ற நம்மாழ்வார் அவர்களும் அப்பகுதியில் தங்கித் தொண்டு சங்கங்களோடு இவ்வேலையில் ஈடுபட்டார். வேலையற்றிருந்த விவசாயத் தொழிலாளருக்குக் கூலி கொடுத்து இவ்வேலைகளைச் செய்வித்த சங்கங்கள் ஒரே செலவில் இரண்டு நஷ்டங்களை ஈடுசெய்தன எனலாம்.

இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். உப்பேறிய நிலம் என்றவுடன் ஜிப்சத்தை வாங்கிக் கொட்டுவது சரியன்று. உவர் நிலத்துக்கு வேண்டியவை நல்ல நீரும் வடிகாலுமே. மண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டு இறுகிப்போன களர் நிலத்துக்கே ஜிப்சம் பயன்படும். எது எதென்பதை மண் பரிசோதனை செய்து அறியலாம். பத்து வயல்களின் மண்ணை எடுத்துப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பும் சங்கம், ஒரு லாரி ஜிப்சம் அனுப்பும் சங்கத்தைவிட அதிக நன்மை செய்ததாகும்.

தன் வீட்டை முதலில் ஒழுங்குபடுத்துதல்

புயல் கரை கடக்கும் ஊரிலுள்ள சங்கத்தின் கட்டடமும் அதே புயலில்தான் நிற்கும். சங்கத்தின் ஊழியர்களும் தங்கள் கூரையை இழந்தவர்களாய் இருப்பார்கள். இதை மறந்து, பிறருக்கு உதவும் திட்டங்களை மட்டும் வகுக்கும் சங்கங்கள் பல. ஆவணிக்கு முன்பே கணக்குப் புத்தகங்கள், பதிவுப் பத்திரங்கள், அங்கத்தினர் ஜாபிதா ஆகியவற்றுக்குப் பிரதி எடுத்து வேறு தாலூகாவில் நம்பகமான ஓரிடத்தில் வைத்தல் வேண்டும். ஊழியர்களுள் யார் தம் குடும்பத்தைப் பார்க்கவேண்டியவர், யார் உடனே வரக்கூடியவர் என்று முன்னதாகவே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். சிறு குழந்தையோ நோயாளியோ உள்ள வீட்டாரை முதல் நாளில் அழைப்பது முறையன்று.

அடுத்தது பணம். பாங்கிக் கணக்கில் கையெழுத்திடவேண்டிய இருவரும் வெவ்வேறு ஊரில் மாட்டிக்கொண்டால் பணமிருந்தும் பயனில்லை. மின்சாரம் போய்விட்ட ஊரில் பணம் கொடுக்கும் இயந்திரமும் வேலை செய்யாது, கைப்பேசி வழியே பணம் அனுப்புவதும் நடவாது. கஜா புயலில் லட்சத்தை மீறிய மின்கம்பங்கள் விழுந்து, சில உட்கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் இருந்தன. ஆகையால் இன்ன தொகைக்குட்பட்ட அவசரச் செலவைக் காரியதரிசி கூட்டமின்றியே செய்யலாம் என்று சங்கத்தின் பொதுக்குழு முன்பே தீர்மானம் நிறைவேற்றி வைப்பதும், ஒரு சிறு தொகையை ரொக்கமாகப் பத்திரப்படுத்துவதும் அவசியம். நிவாரண நன்கொடைக்குத் தனிக் கணக்கும் தனி ரசீதுப் புத்தகமும் வேண்டும். இரண்டையும் கலந்தவர்கள் பின்னால் தணிக்கையில் படும் தொல்லை யாவரும் அறிந்ததே.

பொருளைச் சேமித்து வைப்பதைப்பற்றிப் பல கருத்துகள் உண்டு. அரிசியும் பருப்பும் சேமிக்க வேண்டுவதில்லை. அவை எப்படியும் வந்து சேரும். புயலன்று மறுநாள் காலையில் கிராமத்தில் கிடைக்காதவை மரம் அறுக்கும் இயந்திரம், அதற்கு எண்ணெய், கோடரி, கயிறு, கடப்பாரை, தார்ப்பாய், நீர் இறைக்கும் எண்ணெய் எஞ்சின், மின் ஜெனரேட்டர் ஆகியவையே. சாலையில் விழுந்த மரத்தை வெட்டினாலன்றி எந்த லாரியும் உள்ளே வராது. ஜெனரேட்டர் ஒன்றைச் சிறு வண்டியில் ஏற்றி ஊர் ஊராகச் சென்று மேல்நிலைத் தொட்டியில் நீர் ஏற்றிய குழுக்கள் கஜா புயலின்போது செய்த உபகாரம் பெரிது. மரம் அறுக்கும் இயந்திரத்தைப் பழக்கமில்லாதவர் கையில் கொடுப்பது ஆபத்து. சாய்ந்து இறுகி நிற்கும் தென்னையில் தவறான பக்கத்தில் அறுப்பு விழுந்தால் மரம் துள்ளி அடிக்கும். ஊருக்கு இருவரையாவது கோடையிலேயே பழக்கிவைக்க வேண்டும்.

கிராமத்தின் ஜாபிதா

வெளியிலிருந்து வரும் ஸ்தாபனத்தார் முதலில் கேட்பது, “எத்தனை வீடு, எத்தனை பேர்?” என்பதே. இதற்கு விடை தயாராயில்லாத கிராமத்தில், லாரியைச் சூழ்ந்து நிற்பவர்களில் பலசாலிகளுக்குப் பொருள் கிடைக்கிறது. அல்லது பிரதான சாலையோரத்து ஊர்களிலேயே வண்டி காலியாகிவிடுகிறது. ஆகையால் கிராம நிர்வாக உத்தியோகஸ்தரும், ஊராட்சித் தலைவரும், மகளிர் சுய உதவிக் குழுவினரும் கூடிப் புரட்டாசிக்குள் ஒரு ஜாபிதா தயாரித்தல் நலம். குடும்பத் தலைவர் பெயர், ஆள்தொகை, கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், தனித்து வாழும் முதியோர், நடக்க இயலாதோர், கூரை வீடு, மாடு கன்றுகளின் எண்ணிக்கை, எந்த வீடு எந்தப் பள்ளிக்கட்டடத்துக்குப் போகவேண்டும், அப்பள்ளியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பனவெல்லாம் அதில் வேண்டும். கடைசி விஷயம் சிறிதாகத் தோன்றலாம். நள்ளிரவில் சாவி தேடியவர்கள் அதைச் சிறிதென்று சொல்லமாட்டார்கள்.

இந்த ஜாபிதாவிலிருந்து தேவையைக் கணக்கிடுவது எளிது. ஒரு பள்ளியில் 800 பேர் தங்கினால், ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் வீதம் 12,000 லிட்டர் நீர் வேண்டும். அதாவது 6,000 லிட்டர் வண்டி இரண்டு நடை வரவேண்டும். இருபது பேருக்கு ஒரு கழிப்பிடம் என்பது நிவாரண வேலையில் உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. அப்படியானால் 40 கழிப்பிடம் வேண்டும். எந்தப் பள்ளியிலும் அவ்வளவு இராது. ஆகையால் மறைப்புத் தட்டிகளும், குழி வெட்டும் இடமும், பெண்களுக்குத் தனி வழியும் முன்பே தீர்மானிக்கப்பட வேண்டும். பிளீச்சிங் பவுடர் ஈரத்தில் வீரியம் இழக்கும். போன வருஷத்து மூட்டையை நம்பிக் கிணற்றில் போடுவது, போடாததற்குச் சமானம்.

இனி, நிலமுடைய வாசகர்கள் சற்றுப் பொறுமையுடன் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று. பட்டா ஒருவர் பெயரிலும் சாகுபடி மற்றொருவர் கையிலும் இருப்பது காவேரிப் பாசனப் பகுதியில் சாதாரணம். கோயில் நிலம், மடத்து நிலம், பட்டணத்தில் வசிப்பவர் நிலம் ஆகியவற்றில் பெரும்பாலும் குத்தகைக்கோ வாரத்துக்கோதான் சாகுபடி நடக்கிறது. குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969-ம் வருஷத்திலேயே ஏற்பட்டிருந்தும், வாய்மொழிக் குத்தகைகள் அநேகம் ஏட்டில் ஏறவில்லை. விதை, உரம், உழவு, நடவு என்று கைப்பணத்தையும் கடன் பணத்தையும் நிலத்தில் போட்டவர் சாகுபடிதாரர். வெள்ளத்தில் போனது அவருடைய பணம். நிவாரணமோ பட்டாதாரர் பெயரைத் தேடி வருகிறது. நிலச் சொந்தக்காரர் நியாயமாய் நடந்து தொகையைச் சாகுபடிதாரரிடம் சேர்ப்பித்த ஊர்கள் உண்டு. அவ்வாறு நடவாத ஊர்களும் உண்டு. அடுத்த பட்டத்தில் அந்த நிலங்களில் சிலவற்றுக்கு உழுவார் கிடைக்கவில்லை.

சொந்தக்காரர்கள் தயங்குவதற்குக் காரணம், ஏட்டில் பெயர் ஏறினால் உரிமை போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்தைக் குறை கூறுவதில் பயனில்லை. ஆனால் தொண்டு சங்கம் தன் உபயோகத்துக்காக வைத்துக்கொள்ளும் ஜாபிதா ரெவின்யூ இலாகாவின் அடங்கல் அன்று. விதை மூட்டையும் உரமும் யார் கையில் சேர்ந்தால் வயலுக்குப் போகும் என்பதற்காக எழுதப்படுவது அது. அதில் சாகுபடிதாரர் பெயரும், அவரிடம் வேலை செய்யும் கூலித் தொழிலாளர் குடும்பங்களின் பெயரும் ஏற நிலமுடையவர்கள் முன்னின்று இடங்கொடுக்க வேண்டும். ஜாபிதாவைக் கிராம சபையில் உரக்கப் படித்து, ஆட்சேபனை கேட்டுத் திருத்திய பிறகே முடிவாகக் கொள்ளுதல் முறை. சேரித் தெருவையும் ஊர்த் தெருவையும் ஒரே ஏட்டில், ஒரே விதமாக எழுதவேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டிய நிலைமை இன்னும் சில ஊர்களில் இருக்கிறது.

எச்சரிக்கை வந்தவுடன்

வானிலை இலாகா, கரையோரத்தில் பாதகமான வானிலை தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னதாகப் புயல் உஷாரும், 24 மணி நேரம் முன்னதாகப் புயல் எச்சரிக்கையும் வெளியிடுகிறது. இந்த இரண்டு நாட்கள் விவசாயிக்கு மிகவும் அருமையானவை. வடிகால் வாய்க்கால்களில் அடைப்பை நீக்குதல், முற்றிய தென்னங்குலைகளையும் அடிமட்டைகளையும் வெட்டி மரத்தின் பாரத்தைக் குறைத்தல், முற்றிய நெல்லை அறுத்துப் பத்திரப்படுத்துதல், வைக்கோற் போரின்மேல் தார்ப்பாய் கட்டுதல் முதலியன செய்யலாம். ஆனால் தனியாக வாழும் கிழவர் வீட்டிலும், ஆண்கள் வெளியூர் சென்ற வீட்டிலும் இவற்றை யார் செய்வது? உள்ளூர்ச் சங்கத்தின் இளைஞர்கள் அந்த இரண்டு நாட்களில் நடந்துகொள்ளும் விதத்தைப் பொறுத்தே பின்னால் வரும் நிவாரண வேலையும் அமையும்.

மாடுகளைக் கட்டுத்தறியில் விட்டுவிட்டு ஜனங்கள் மட்டும் ஓடுவது பெரும் பிழை. மேட்டுக்கு ஓட்டிச் செல்ல வழியில்லாவிட்டால் கயிற்றையாவது அவிழ்த்துவிட வேண்டும். மாட்டைப் பார்க்க யாருமில்லை என்பதற்காகவே முகாமுக்கு வர மறுக்கும் முதியோர் பலர். ஆகவே மாடுகளுக்கும் ஒரு மேட்டிடம் குறித்து வைத்தால் மனிதர் உயிரும் தப்பும். மழைக்கு முன் தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டிருத்தலும் அவசியம்.

2005-ம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஜில்லாவின் பேரிடர் மேலாண்மை ஆணையம் கலெக்டர் தலைமையில் இயங்குகிறது. தொண்டு ஸ்தாபனங்களை இவ்வேலையில் சேர்த்துக்கொண்டு ஊக்குவிப்பதும் அந்த ஆணையத்தின் வேலையாகச் சட்டத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. ஆகையால் சங்கங்கள் புயலுக்கு முன்பே கலெக்டர் காரியாலயத்தில் தம் பெயரையும், தம்மிடமுள்ள கருவிகளையும், ஆட்களையும் எழுதிக்கொடுத்து வைக்க வேண்டும். கலெக்டர் காரியாலயத்துக் கட்டுப்பாட்டு அறையின் இலவசத் தொலைபேசி எண் 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070.

தண்ணீர் வடிந்த பிறகு

சேதக் கணக்கெடுப்பில் சங்கங்கள் தனியாக ஒரு கணக்கு எடுத்துச் சர்க்கார்க் கணக்கோடு போட்டியிடுவதால் காலதாமதமே மிஞ்சும். ரெவின்யூ, வேளாண்மை இலாகா ஊழியர்கள் கூட்டாக வயலைப் பார்வையிடும்போது உடன் சென்று, விடுபட்ட சாகுபடிதாரரைச் சுட்டிக்காட்டுவதே பிரயோஜனமானது. பயிர்ச்சேதம் 33 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் இடுபொருள் மானியம் உண்டு. 2015-ம் வருஷத்துக்கு முன் இது 50 சதவீதமாயிருந்தது. 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு வகுக்கப்பட்ட மத்திய சர்க்கார் விதிகளில் ஹெக்டேருக்கு மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாயும், பாசனப் பயிருக்கு 17,000 ரூபாயும், பல வருஷப் பயிருக்கு 22,500 ரூபாயும் விதிக்கப்பட்டன. பயிர் இன்ஷூரன்ஸ் செய்தவர்கள், அறுத்து வயலில் உலரப்போட்ட கதிர் 14 நாட்களுக்குள் புயல் மழையில் கெட்டுப்போனால் 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். கைப்பேசி ஓய்ந்துபோன ஊரில் 72 மணி நேரம் என்பது மிகக் குறுகிய காலம். ஒரு சங்கம், விவசாயிகளின் விவரங்களை வாங்கிப் பக்கத்துப் பட்டணத்துக்கு ஓர் ஆளை அனுப்பி அறிவித்துவிட்டால், ஆயிரம் போர்வை வழங்கியதைவிட மேலான உதவியாகும்.

நீரில் மூழ்கிய சம்பாப் பயிர் முழுதும் அழுகாவிட்டால் காப்பாற்ற இடமுண்டு. நீரை வடித்தபின் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து ஓரிரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து மேலுரமாக இடும்படி வேளாண்மை இலாகா கூறி வந்திருக்கிறது. இதற்கான காலம் சில நாட்களே. அந்தச் சில நாட்களில் உரக்கடை திறந்திருப்பதும் இல்லை, விவசாயி கையில் பணம் இருப்பதும் இல்லை. தொண்டு சங்கம் உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கத்தோடு முன்பே ஒப்பந்தம் செய்துகொண்டு, சீட்டைக் காட்டினால் மூட்டை கிடைக்கும்படி செய்யலாம்.

பயிர் முழுதும் போய்விட்டால் எந்த விதையைக் கொடுப்பது என்பதில் வெளியூர்ச் சங்கங்கள் அடிக்கடி தவறுகின்றன. மேட்டூர் அணையை ஜனவரி 28-ந் தேதி மூடுவது வழக்கம். நவம்பர் மாத நடுவில் பயிர் அழிந்து, அதற்குப் பின் நாற்று விட்டு நட்டால், 105 முதல் 110 நாட்களில் விளையும் கோ-51, ஆடுதுறை-45 போன்ற குறுகியகால நெல்லும் மாசியின் கடைசியிலோ பங்குனியிலோதான் அறுவடைக்கு வரும். ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்க்கே அது ஏற்றது. அவர்களுக்கும் ஆளாளுக்கு விதை கொடுப்பதைவிட, மேட்டு நிலத்தில் சமுதாய நாற்றங்கால் போட்டு நாற்றாகக் கொடுப்பது நல்லது. ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் போதும். மற்றவர்களுக்கு நெல் விதை கொடுப்பது வீண். அவர்களுக்குத் தை மாதத்தில், ஈரம் இருக்கும்போதே தெளிக்க ஏக்கருக்கு 10 கிலோ உளுந்து விதை கொடுத்தால் போதும். ஆடுதுறை-3 போன்ற, நெல் தரிசுக்கு ஏற்ற ரகமாயிருக்க வேண்டும். கடையில் விற்கும் சாப்பாட்டு உளுந்தை மூட்டையாக வாங்கி விதையென்று கொடுப்பது உதவியன்று.

தென்னையைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். நெல் போனால் ஒரு பட்டம் போயிற்று. தென்னை போனால் ஆறேழு வருஷம் போயிற்று. விழுந்த மரங்கள் தோப்பிலேயே கிடந்து மக்கினால் அவை காண்டாமிருக வண்டுக்குப் பிறப்பிடமாகும். காயம்பட்டு நிற்கும் மரங்களைச் சிகப்புக் கூன்வண்டு நாடும். எஞ்சிய மரங்களையும், நடும் கன்றுகளையும் பின்னர் அழிப்பவை இவையே. ஆகவே முதல் தேவை கன்றன்று; மரத்தை அறுத்து அப்புறப்படுத்தும் ஆளும் இயந்திரமும் கூலியுமே. கஜா புயலுக்குப் பின் கன்று கொடுக்க முன்வந்தவர் அநேகர். தூரை அகற்றிக் கொடுக்க முன்வந்தவர் சிலரே. நல்ல கன்று என்பது தாய்மரம் அறிந்து நெற்று பொறுக்கி, நாற்றங்காலில் ஒன்பது மாதத்துக்கு மேல் வளர்க்கப்பட்டது. திடீரென்று லட்சக்கணக்கில் வேண்டுமென்றால் அது எங்கிருந்து வரும்? தாய்மரம் தெரியாத கன்றை அவசரமாய் நட்டவர், காய்ப்பு எப்படியிருக்கும் என்பதை அறிய ஏழாவது வருஷம் வரை காத்திருக்க வேண்டும். அதைவிட ஒரு பட்டம் தாமதித்து, ஆனி, ஆடியிலோ அல்லது மார்கழி, தையிலோ நல்ல கன்றை 25 அடிக்கு 25 அடி இடைவெளியில், ஏக்கருக்கு 70 வீதம் நடுவது மேல். கன்று காய்ப்புக்கு வரும் வரை இடையில் உளுந்து, நிலக்கடலை, வாழை, காய்கறி பயிரிட்டு வருமானம் தேடலாம். அந்த இடைப்பயிருக்கு விதையும் நீர்ப்பாசன வசதியும் தருவதில் தொண்டு ஸ்தாபனங்கள் மூன்று வருஷமாவது தொடர்ந்து நிற்கவேண்டும். மூன்று மாதத்தில் மூட்டை கட்டிப் புறப்படும் ஸ்தாபனத்துக்குத் தென்னைப் பகுதியில் செய்யத்தக்க வேலை அதிகமில்லை.

மரங்கள் ஜனங்களைக் காத்ததற்கும் உதாரணம் உண்டு. வேதாரணியம் தாலூகா நாலுவேதபதி கிராமத்தார் 2002-ம் வருஷத்தில் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகளை நட்டனர். இரண்டு வருஷத்துக்குப் பின் கடல் பொங்கியபோது அந்தச் சவுக்குத் தோப்புகள் அலையின் வேகத்தைத் தணித்து ஊரைக் காத்தன. கரையோரக் கிராமங்களில் ஆண்டு முழுதும் வேலை செய்யும் சங்கங்களுக்கு இது ஏற்ற வேலை.

விதைக் களஞ்சியம் வைக்க விரும்பும் சங்கங்களுக்கு ஒரு குறிப்பு. வெள்ளப் பகுதிக்குச் சி.ஆர்.1009 சப்-1 ரகம் இரண்டு வாரம் வரை மூழ்கியிருப்பதைத் தாங்கும்; உவர், களர் நிலங்களுக்குத் திருச்சி-1, திருச்சி-3 ரகங்களும், பழைய ரகங்களில் குழியடிச்சானும் ஏற்றவை. நெல் விதையை 13 சதவீத ஈரத்துக்கு மேற்படாமல் உலர்த்தி, தரையிலிருந்து உயர்த்திய மரச்சட்டத்தின்மேல் அடுக்க வேண்டும். உளுந்து விதையில் பயறு வண்டு விழாதிருக்க மாதந்தோறும் திறந்து பார்த்தல் அவசியம். எந்த விதையையும் ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது. ஆனி மாதத்தில் பழைய இருப்பை அங்கத்தினர்களுக்கு விதைப்புக்குக் கொடுத்து, அறுவடைக்குப் பின் புது விதையாகத் திரும்பப் பெற்று நிரப்பிவிட வேண்டும். ஜாபிதாவைக் கிராம சபையில் படித்துத் திருத்தும் வேலையை ஆகஸ்டு 15-ந் தேதிக் கூட்டத்திலேயே வைத்துக்கொண்டால், மழைக்கு முன் பிரதிகள் எடுக்க அவகாசம் இருக்கும். பிரதியில் ஒன்று கிராம நிர்வாக உத்தியோகஸ்தரிடமும், ஒன்று சங்கத்திலும், ஒன்று வெளியூரிலும் இருக்கட்டும்.